ஹால் மூன்று, இடப்பக்க வாசல்

படத்தின் முன்பாதி எனக்குத் தெரியாது.
பதினொரு நாளாக ஓடுகிறது, நாளுக்கு நாலு காட்சி.
கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான்
துடைப்பமும் கறுப்புப் பையுமாக
உள்ளே வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார் மிஸ்டர் ஊய்.
விளக்கு எரிந்து அடுத்த கூட்டம் நுழைவதற்குள்
நூற்று எண்பத்தாறு நாற்காலி.

ஆகவே அந்தப் பெண் எனக்கு
எப்போதும் விரிப்பின் மேல்தான் பிறக்கிறாள்,
இருபத்து மூன்று வயதில், நீல உடையில்,
காது வீங்கி,
ஒரு புள்ளி பின்தங்கி.

வடக்கத்திப் படம். தமிழ் பேசவைத்திருக்கிறார்கள்.
வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும்.
மூச்சு வாங்கும்போது மட்டும் ஒத்துப்போகும்.
அப்பன்காரன் 'எந்திரி, எந்திரி' என்று கத்த
கீழே மலாயில் 'பாங்குன்' என்று ஓடுகிறது.
காலையில் என் மகனிடம் இரண்டு மொழியிலும்
அதையேதான் சொல்கிறேன்.
அவன் போர்வையை இழுத்துக்கொள்கிறான்.

திரையைவிட நான் சனத்தைத்தான் பார்ப்பேன்.
வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்ட சோளப்பொரி.
பாயான் லெப்பாஸ் ஃபாக்டரிச் சட்டையோடு வந்த நாலு பெண்கள்
ஒருத்தி கையை ஒருத்தி நசுக்கிக்கொண்டு.
தமிழ் தெரியாத ஒரு சீனத் தாத்தா,
எழுத்தைப் படிக்கக் கண்ணாடியும் கொண்டுவரவில்லை,
'ஐயோ ஐயோ' என்று தொடையில் அடித்துக்கொள்கிறார்.
அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கும்போது
ஹாலே ஒரே முதுகாக முன்னால் வளையும்.

பிறகு கொடி, மேளம், அப்பனின் கண்.
அதற்குள் மூன்றே நொடி,
எண்ணியிருக்கிறேன்,
தோற்றவளைக் காட்டுவார்கள். சிவப்பு உடை. பெயர் சொல்வதில்லை.
மல்லாந்து கூரையைப் பார்ப்பாள்.
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள் ஆண்கள்.
எங்களுக்கு ஏது மீசை,
முதுகுதான்.
பாகான் டாலாமில் நாலாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர்,
என் முதுகுக்குத் தெரியும் தரை என்றால் என்னவென்று.

எழுந்து தோள்பட்டையைச் சரிசெய்துகொண்டு
இடது பக்கமாக வெளியேறுவாள்.
கேமரா கூடப் போகாது.
திரைக்கு இடது பக்கம் நான் நிற்கிற வாசல்.
யாருக்கும் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று
துடைப்பத்தை ஓரமாக இழுத்துக்கொள்வேன்.
இதுவரை நாற்பது தடவை.

புதன்கிழமை எனக்கு லீவு.
'ஸ்டாஃப் டிக்கெட் சும்மா கிடக்கு,
உட்கார்ந்து முதலிலிருந்து பாரேன்' என்றாள் காக் ரோஸ்னா.
ஃபெரி ஏறி வந்து, எச் வரிசையில்,
சம்பளமில்லாத ஒரு நாளில்
முதல் தடவையாக அந்த நாற்காலி எப்படிச் சாய்கிறதென்று பார்த்தேன்.

இரண்டு மணி நேரமும் சிவப்புக்காரியைத் தேடினேன்.
ஏதோ விமான நிலையத்தில், யார் தோளுக்கோ பின்னால்,
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.
மறைப்பானேன், நீலக்காரிக்காக நானும் அழுதேன்.
பால்மாட்டை விற்ற அன்று
அப்பன் வெறும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வருகிற இடத்தில்
மூக்கைச் சிந்த ஒன்றுமில்லாமல்
டிக்கெட்டிலேயே துடைத்தேன்.

கடைசிப் பத்து நிமிடம் வந்ததும்
கை தானாகத் துடைப்பத்தைத் தேடியது.
வாசல் பக்கம் திரும்பினேன்.
ரோஸ்னா நின்றிருந்தாள், பையும் துடைப்பமுமாக,
திரைக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி.
என்னைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்,
மறுநாள் சாப்பாட்டு வேளையில்
'எச் வரிசை ரொம்ப ஈரம்' என்று சிரித்தாள்.

ஆனால் அன்றைக்கு,
தூக்கிச் சுழற்றி ஹாலே எழுந்து நின்றபோது,
தலைகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் நான் பார்த்தேன்:
சிவப்புக்காரி எழுந்தாள்,
தோள்பட்டையைச் சரிசெய்தாள்,
இடது பக்கமாக நடந்தாள்.

திரும்பிக்கூடப் பார்க்காமல்
ரோஸ்னா துடைப்பத்தைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துக்கொண்டாள்.