குதிரையின் பெயர்

கௌனஸ் நகரம். பழைய செருப்பாலையின் மூன்றாம் மாடி.
இரவுப் பணியில் விலியா.
வெளியே நெமுனஸ் ஆறு
பாதி உறைந்து, பாதி மனமில்லாமல் ஓடுகிறது.

அவள் திரையில் ஆட்கள் இல்லை, எண்கள்.
4471 இருப்பது உருகுவேயில், பைசாந்தூவில்,
எண்பது மீட்டர் முன்னே பின்னே.

விளையாட்டு எளியது. குதிரை, புல்வெளி, ஒரு ஏரி.
அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நிரல்
அழையா விருந்தாளி. பசி மட்டும் அதிகம்.
எந்த விசையில் விரல் தயங்கியது,
எப்போது மின்விசிறி இரைந்தது,
பின்னால் வேறென்ன ஜன்னல் திறந்திருந்தது,
எல்லாம் தின்று
இங்கே வந்து கக்கும்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே.
4471 பேசவே இல்லை.
குதிரையை ஏரிக்கரையில் நிறுத்திச் சும்மா இருந்தார்.
அங்கே மணி மூன்று பத்து.
இங்கே எட்டு பத்து, இன்னும் விடியவில்லை.
நாற்பது நிமிடம்.
நடுவில் ஒரே ஒரு இடைநிறுத்தம்,
நான்கு நிமிடம், சில நாள் ஐந்து.

பால் சுடவைக்கும் நேரம் என்று கணித்தது நிரல்.
'வீட்டில் கைக்குழந்தை'
என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.
அன்றிலிருந்து ஏரி திறக்குமுன்
டயப்பர் விளம்பரம்.

ஒன்பதாம் நாள் குதிரைக்குப் பெயர் மாறியது.
அதுவரை அது செனிசா, சாம்பல் நிறத்தாள்.
இப்போது, பெயருக்கு அனுமதித்த முப்பத்திரண்டு எழுத்துக்குள்
இடைவெளி விடாமல் நெருக்கி:
குழந்தையில்லைஅப்பாவின்மார்ஃபின்.

"பாரேன், நம்மோடு பேசுது!"
பக்கத்து மேசை வைதோதாஸ் சிரித்தான்.
பிறகு இன்னொரு முறை படித்தான்.
நாற்காலியைத் திருப்பிக்கொண்டான்.

விலியா அந்த டிக்கை எடுத்தாள்.
மறுநாள் அது மீண்டும் இருந்தது.
மாதக் கடைசிவரை யாரோ
காசு கட்டியிருந்தார்கள்.

ஜனவரி பதினொன்று. இடைநிறுத்தம் இல்லை.
பன்னிரண்டு. இல்லை.
பதின்மூன்று. ஏரிக்கரையில் நாற்பது நிமிடம்
முழுசாக, உடையாமல்.
நிரல் எழுதியது:
ஈடுபாடு மேம்பட்டுள்ளது.

மேலங்கியை மாட்டினாள், கழற்றினாள்.
பெயர் இருக்கும் கட்டத்தை மட்டும் திறந்தாள்.
குதிரை மறுபடி செனிசா.

சேமிக்கும் பொத்தானை அவள் தொடவில்லை.
அது
தானே சேமித்துக்கொண்டது.