செவ்வாய் மூன்று மணி, பெரியநீலாவணை கிளினிக்

"ரெண்டு காலையும் நீட்டுங்க" என்றேன்
முதல் நாள்.
தவநிதி செயற்கைக் காலைக் கழற்றிச்
சுவரோடு சாத்திவிட்டு
இருந்த ஒன்றை நீட்டினாள்.

அன்றிரவு என் கொப்பியில்
நிறைய வெட்டினேன்.
'எல்லாரும்' போனது.
'வீட்டில் கணவரோடு' போனது.
'ஓம்' இருந்த இடத்தில்
'மூச்சு' என்று எழுதினேன்,
மருதமுனையிலிருந்து றிஸ்மியாவும் வருகிறாள்.

இப்போது தொடமுன் கேட்கிறேன்.
ஒருத்தி வேண்டாமென்றாள்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்;
அது அவ்வளவு லேசாக இல்லை.

'பிள்ளை துடிக்குதா' என்று
மற்றவர்கள் முன்னால் கேட்பதில்லை.
போன மாசியில்
கேட்டேன்.

இன்று கரண்ட் இல்லை.
"ஏலா மிஸ்" என்று பாயில் சரிந்த றிஸ்மியா
குறட்டையே விட்டாள்.
தவநிதி தன் துவாயை மடித்து
அவள் முழங்கால்களுக்கிடையில் வைத்தாள்.

நான் எண்ணுவதை
ஏழில் நிறுத்தினேன்.