மான் ஒரு குறியீடு

கஜரூபனின் படத்தில் நான்தான் நாயகன்.
வேலை: சும்மா இருப்பது.
சம்பளம்: ரோல்ஸ் இரண்டு, ஒரு நெக்டோ.

டச்பே மதிலில் குந்தியிருந்து
கடலைப் பார்க்காமல் இருக்கவேண்டும்.
"பார்க்கிறாயடா, கண் போகுது" என்று
பதினொரு தரம் கட் சொன்னான்.
ஏ.எல். எழுதிய நாளிலிருந்து
ஒருவரும் காசு தராமல் செய்த வேலை,
கமரா வந்ததும் கைவரவில்லை.

டெல்சியா என் காதலி, படத்தில் மட்டும்.
அவளுடைய ஒரே வசனம்: "ம்."
அதையும் கட்டார் விசா வந்த அன்று
வொய்ஸ் மெசேஜில் அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் காட்சியில்
லீசிங் கொம்பனிக்காரர் இருவர் வந்து
என் பைக்கை உருட்டிக்கொண்டு போனார்கள்.
நான் தடுக்கவில்லை. திறப்பைக்கூடக் கொடுத்தேன்.
"அற்புதம்!" என்றான் கஜரூபன்,
அவர்கள் ஆரென்று கேட்காமலே.

மிச்சக் கதையை,
ரோல்ஸ் எண்ணெய் ஊறிய நாலு தாளை,
றோட்டோரம் நின்ற மான் ஒன்று
நிதானமாய்த் தின்றது.
அதையும் எடுத்தோம்.

கொழும்பில் திரையிட்டபோது
பத்தொன்பது பேர், அதில் ஏழு பேர் நாங்கள்.
கழுத்தில் சால்வை சுற்றிய ஒருவர் எழுந்து
அந்த மான்
போருக்குப் பிந்திய நம் மௌனமா என்று கேட்டார்.
கஜரூபன் நாடியைத் தடவினான்.
"அப்படியும் பார்க்கலாம்."

இரவு பஸ்ஸில் திரும்பினோம்.
ஹபரணை தாண்ட எனக்குப் பசித்தது.
இல்லாத பைக்கின் இம்மாதத் தவணை
போனில் ஒருமுறை அதிர்ந்தது.
பக்கத்தில் அவன்
அடுத்த படத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தான்.
ஜன்னலில் காடு, இருட்டு.
கடலைப் பார்க்காமல் இருப்பது
இப்போது சுலபமாய் வந்தது.
கமராவில் பற்றரி இல்லை.