எத்தனை மாடு?

"எத்தனை மாடு?" என்றார்
கேணிக்கரைக் கடையில் சீனி நெய்னா.
பைபர் வத்தைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
ரெண்டு என்றேன்.
ஒண்ணு கறவை, ஒண்ணு சினை என்றான் ரொசாரி,
யாரும் கேட்காமலே.

அவன் நெற்றியில் தையல் பிரித்த தடம்
இன்னும் சிவப்பு ஆறவில்லை.
மண்டபம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்,
எதில் வழுக்கினீர்கள்?
தேக்கில் என்றான்.
பொய் இல்லை. தேக்கின் வரியும் கணுவும்
அச்சுப் பிசகாமல் அடித்த வினைல் தாள்,
சதுர அடி முப்பத்தெட்டு ரூபாய்.
மரத்தை விட்டு வந்த வத்தைக்கு
மரத்தின் படத்தை ஒட்டியிருந்தோம்.
மாசி வெயிலில் பசை விட்டது.
உப்புத்தண்ணீர் அடியில் புகுந்து
தோசையைப் போலக் கொப்புளம் எழும்பியது.
அதன்மேல் கணவாய் மை.
அதன்மேல் ரொசாரி.

அதற்கும் முன்னால் ஒரு காதணி விழா.
முனைமுக்கில் கிழிந்து தொங்கிய பிளக்ஸை
சும்மாதானே என்று அவிழ்த்து வந்து விரித்தோம்.
தாய்மாமன்கள் பதினோரு பேர்
காலடியில் சிரித்தபடி கிடந்தார்கள்.
மிதிக்கச் சங்கடம்தான்.
நாலாம் நாள் ஏலத்தில்
கணவாய் முதுகில் யாருடைய மீசையோ ஒட்டியிருக்கு என்று
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தார்கள்.

பச்சைப் புல் விரிப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை.
மச்சினன் வாங்கித் தந்தது.
அவன் இன்னும் வீட்டுக்கு வந்துபோகிறான்.
செதில் உள்ளே போகும், வெளியே வராது.
அவ்வளவு சொல்லலாம்.

பெயிண்டில் மணல் தூவு என்றார்கள்.
மணல் பிடிக்கும், வாஸ்தவம்.
வலையில் நண்டு கழிப்பவனுக்கு
முழங்கால்தான் நாற்காலி.
அதை யார் யோசித்தார்கள்?

இது உச்சிப்புளியில் தோன்றிய யோசனை.
பஸ்ஸுக்கு நின்ற இடத்தின் பின்னால் ஒரு கொட்டகை.
சாணி, மூத்திரம், தவிடு
எல்லாம் படிந்த கறுப்பு ரப்பர்மேல்
ஒருத்தி தண்ணீரை வீசினாள்.
ஒரே வாளி.
ஈரம் காயுமுன் நானூறு கிலோ மாடு எழுந்தது,
நாலு குளம்பும் நட்டுவைத்ததுபோல.
பஸ் போயிருந்தது.

இங்கே ரொசாரி செருப்பைக் கழற்றிவிட்டு
விரிப்பின்மேல் ஏறினான்.
பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தான்.
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து
அதையும் ஊற்றி
ஒற்றைக் காலில் நின்று
இல்லாத வலையை இழுத்தான்.
"மாடு ஷாம்பு போடுமா தம்பி?"
மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு
அவன் பாதத்தையே பார்த்தார் நெய்னா.
உப்பு அரித்த வெடிப்பு. நண்டுக் கடி.
விரலிடுக்கில் நைலான் அறுத்த கோடு.
"எந்தக் கரைத் தொழுவம்?"
"பாம்பன், தெக்குவாடி" என்றான்,
இன்னும் ஒற்றைக் காலில்.

காசு குறைக்கவில்லை அவர்.
கனத்ததைச் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டு
மெல்லிசானதை எடுத்துப் போட்டார்.
"ஒட்டாதீங்க. ரெண்டு துண்டாவே கிடக்கட்டும்.
ஒத்த ஆள் தூக்கி அலசணும்,
அடியில தண்ணி ஓடணும்."
புரட்டிக் காட்டினார்:
மடிக்காம்புபோல வரிசையாய்க் குட்டிக் கால்கள்.

கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அறுத்தோம்.
அணியத்தில் ஒன்று, கடையாலில் ஒன்று.
முதல் ராத்திரி
நண்டு விழுகிற சத்தமே இல்லாமல்
என்னவோபோல் இருந்தது.
வலை வைத்துவிட்டு அதிலேயே சரிந்த ரொசாரி
விடியலில் கன்னமெல்லாம் ரப்பர் வரியோடு எழுந்தான்.

பத்து நாள் கழித்து போன்.
"கறவை எப்படி?"
நேத்து பதினாலு கிலோ பாய்,
அத்தனையும் நீலக்கால்.
"சினை?"
அது எஞ்சின் பக்கம் படுத்திருக்கு.
டீசல் சிந்தின இடம் மட்டும்
லேசா ஊதியிருக்கு.