திருத்தம்

அவள் எழுத்தைத் தலைகீழாகத்தான் நான் படித்தது.
ஈய எழுத்து கோப்பவனுக்கு எல்லாமே முகம் திரும்பித்தான் தெரியும்.
வால்பரைசோ துறைமுகம், மீன்சந்தைக்குப் பின்னால்
ஒழுகும் கூரையோடு எங்கள் அச்சகம்.

காலைப் பதிப்பில் அவள்
கப்பல் வரவு, நிலக்கரி விலை,
சுங்கக் கிடங்கில் யார் யாருக்கு எவ்வளவு கைமாற்றினார்கள்.
பெயர் போடமாட்டார்கள். பெண்பெயரைக் கண்டால்
விளம்பரக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம்.
சனிக்கிழமை இணைப்பில் அவளே டாக்டர் ஓரியோன்.
செத்தவர்கள் சொன்னதைச் சொல்பவர்.
விரலில் மைக்கறை ஒன்றேதான்.

ஆவிகளிடமும் அவள் நிருபர்தான் என்பார்கள்.
எத்தனை மணிக்கு? எந்தத் திசைக் காற்று?
பக்கத்தில் நின்றது யார்?
மேஜை மூன்று முறை தட்டினால்
நான்காவது கேள்வி தயாராக இருக்கும்.

அந்தக் குளிர்காலம் தெற்கே போன சாந்தா ரீத்தா
திரும்பவில்லை. பதினொரு பேர்.
மலைமேலிருந்து கம்பிவடப் பெட்டியில் இறங்கி
தோமாசா உர்ருத்தியா வந்தாள்,
எலும்புப் பொத்தான் ஒன்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு.
விளக்கணைத்த அறையில் அவள் புருஷன் பேசினான்:
இங்கே குளிரவில்லை.
கடிகாரம் அடகில் இருக்கிறது, மீட்டுக்கொள் கண்ணே.
முந்தின நாளே அடகுக்கடைப் பக்கம்
யார் போய் விசாரித்தது என்று
எங்களுக்குத் தெரியாது.
அந்தச் சனிக்கிழமை நானூறு பிரதி கூடுதலாக விற்றது.

பன்னிரண்டாம் நாள் நள்ளிரவு
துண்டுக் காகிதத்தோடு கீழே இறங்கி வந்தாள்.
ஏழாம் பக்கம், இருப்பதிலேயே பொடி எழுத்தில் போடு என்றாள்.
“திருத்தம். மாலுமி பேசியதாக எழுதியது தவறு.
குரல் என்னுடையது.
ஒர்த்தென்சியா பிராவோ.”
அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கோத்தேன்.
தேய்ந்த எழுத்து இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப்
புதுசு எடுத்தேன்.

ஆசிரியர் கத்தினார். அதை விடுங்கள்.
திங்கட்கிழமை தோமாசா படியேறி வந்தபோது
எங்கள் கைகள் நின்றன.
அறையப்போகிறாள் என்றே நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அன்றைக்கே தெரியும்,” என்றாள்.
“பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன்
ஒருநாள்கூட என்னைக் கண்ணே என்றதில்லை.
இன்னொரு தடவை கூப்பிடு.”

ஒர்த்தென்சியா என்ன செய்தாள் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
நான் போய் இயந்திரத்தை ஓடவிட்டேன்,
காகிதம் ஏற்றாமல்,
இரைச்சலுக்காக.