பதினான்காம் நிரல்

நாற்பத்து மூன்று குளிர்சாதனப் பெட்டிகள்.
பள்ளிச் சமையலறைகளுக்குப் பதினொன்று,
தீயணைப்பு நிலையத்துக்கு ஒன்று,
கோட்டைமேல் இருக்கும் சிறைக்கு இரண்டு,
மீதி முதியோர் இல்லம், நீச்சல் குளம்,
மணமக்களுக்கு ஷாம்பெயின் குளிரவைக்கும்
பதிவு அலுவலகம் வரை.
பூர்க்டோர்ஃப் நகரசபையில்
இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கொள்முதல்.
என் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

விலைமனு அட்டவணையில் பதினான்காம் நிரல்
நான் சேர்த்தது.
தலைப்பு: குளிரூட்டும் வாயு.
ஆக மலிவான கம்பனி அதை மட்டும்
வெறுமையாய் விட்டிருந்தது,
பெயர் எழுதாமல் கொடுத்த கல்யாண உறைபோல.

தொலைபேசியில் கேட்டேன்.
"அம்மணி, அது உள்ளே அடைபட்டுக் கிடப்பது.
யார் பார்க்கப் போகிறார்கள்?"

யாரும் பார்க்கப் போவதில்லைதான்.
பழைய வாயு வானத்தின் கூரையைப் பிய்த்தது.
அடுத்து வந்தது கூரையைத் தொடவில்லை,
வீட்டைச் சூடாக்கிற்று.
நான் கேட்பது இரண்டையும் செய்யாது,
ஆனால் தீப்பற்றும்.
குற்றமே இல்லாத குளிரை
இதுவரை யாரும் விற்கவில்லை.

"தீப்பற்றும்" என்ற சொல்லைக்
கூட்டக் குறிப்பில் நான் எழுதியிருக்கக் கூடாது.
தீயணைப்புத் தலைவர் லூதி எழுந்து நின்றார்.
என் நிலையத்துக்குள் நெருப்பு வாயுவா?
மீசை நடுங்கிற்று.
பொருளாளர் ஆஃபோல்டர் கணக்குப் பொறியைத் தட்டினார்:
பெட்டிக்கு நூற்றுப் பதினெட்டு பிராங்க் கூடுதல்,
நாற்பத்து மூன்றால் பெருக்க
ஐயாயிரத்து எழுபத்து நான்கு.
"இந்தக் காசுக்கு
பூங்காவில் ஒரு ஊஞ்சல் போடலாம்."

ஊஞ்சல் கண்ணுக்குத் தெரியும்.
பிள்ளை ஏறும், பத்திரிகைக்காரன் படமெடுப்பான்.
தென்துருவத்துக்கு மேலே ஒரு கிழிசல்
இழை இழையாய்த் தைபடுவதை
யாரை ஏற்றிப் படமெடுப்பது?
அறுபத்தைந்து வாக்கில் ஆறிவிடும் என்கிறது அறிக்கை.
எனக்கு ஓய்வு நாற்பத்தொன்றில்.
ஆஃபோல்டருக்கு அடுத்த மாதம்.

இடைவேளையில் லூதி
வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
உங்கள் லைட்டரில் எவ்வளவு வாயு என்றேன்.
ஆட்டிப் பார்த்தார். நாலு கிராம் இருக்கும்.
பெட்டிக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட இதே சாதி,
ஐம்பத்தெட்டு கிராம்.
உங்கள் ஆட்களில் புகைப்பவர்கள் எத்தனை பேர்?
விரல் மடக்கி எண்ணினார்.
பதினேழில் நிறுத்தினார்.
சிரிக்கவில்லை. லைட்டரைச் சட்டைப்பைக்குள் போட்டு
மேலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஐந்துக்கு நாலு.
ஐந்தாவது கை லூதியுடையது.
அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைக்கவேண்டும்
என்ற நிபந்தனையோடு உயர்ந்தது.

இலையுதிர் காலத்தில்
பழையவற்றை உறிஞ்சியெடுக்க ஊர்ஸ் வந்தான்.
கடைசியாக அகதிகள் விடுதி.
எண்பத்தேழில் வாங்கிய பெட்டி;
கதவின் உட்புறம் ஒட்டுத்தாளின் மேல் ஒட்டுத்தாளாய்
ஐந்தாறு எழுத்துகளில் பெயர்கள்.
எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்று:
"என் பாலைக் குடித்தவனுக்கு வயிறு போகும். கஜமுகன்."
யாரென்று தெரியாது.
போய்ச் சேர்ந்த ஊரில் அவனுக்குத்
தனிப் பெட்டி வாய்த்திருக்கட்டும்.

இரத்தம் எடுப்பவனைப்போல ஊர்ஸ்
செப்புக் குழாயைத் தடவி ஊசி ஏற்றினான்.
நீல உருளை மெல்லக் கனத்தது.
தகட்டில் பொறித்திருந்தது நூற்று நாற்பது கிராம்.
தராசு காட்டியது தொண்ணூற்றிரண்டு.

வித்தியாசம் எங்கே என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
ஊர்ஸ் என்னைப் பார்த்தான்,
பிறகு பேனையை எடுத்து
"மேலே" என்று எழுதினான்.
நான் கையொப்பமிட்டேன்.

மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு.
மேலே என்றால்
எத்தனையாம் மாடி?