நிழல், கூட்டல் எண்பது

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு
இருநூற்றுப் பதினாலு படம் இறங்கவேண்டும்.
நூற்று எண்பதில் கரண்ட் போனது.
மறுபடி முதலிலிருந்து.

செல்லூர் மாடி. பக்கத்துத் தறிச் சத்தத்தில்
மேசையும் மவுசும் சேர்ந்து அதிர்கின்றன.
கீழக்குயில்குடி போய்வந்து பதினோரு நாள்.
மச்சினன் ஒச்சப்பன் பேசாமலிருப்பதும் பதினோரு நாள்.
நீலக் கேன் ரெண்டைக் காணோம் என்று
மகேஸ்வரி புலம்புவதும் அதே கணக்கு.

முதலில் சுலபமானவை.
எல்லாப் படத்திலும் சமணர் மலை சரிந்து நிற்கிறது.
மலை என்ன செய்யும், என் கை அப்படி.
இரண்டரை பாகை இடப்பக்கம் திருப்பினேன்,
தாமரைக் குளம் ஒரு சொட்டுச் சிந்தாமல்
மட்டத்துக்கு வந்தது.
ஓரத்தில் வெட்டியவை:
குப்பைத் தொட்டி, யாரோ ஒருவரின் முழங்கை,
ஒன்பது படங்களில் என் கட்டைவிரல்.

"வானத்தைக் கொஞ்சம் நீலமாக்குங்க"
என்றாள் பின்னால் நின்று.
ஆக்கினேன். மதுரைக்கு மேலே
அப்படியொரு வானத்தை நான் கண்டதில்லை.
பாதி நீலத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
"அப்படியே என் கையையும் கொஞ்சம் ஒல்லியா..."
"இந்த சாஃப்ட்வேர்ல அது இல்ல" என்றேன்.
இருக்கிறது. எனக்கு அந்தக் கை பழகிவிட்டது.

அப்புறம் ஆலமரத்தடிக் குழுப் படம்.
பதினேழு பேர் போனோம், படத்தில் பதினைந்து.
எடுத்தவன் நான். இன்னொருவன் அவன்.
வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கையில்
பேச்சு தடித்தது.
"பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்குக்
கணக்கு எதுக்குடா" என்றது நான்தான்.
அதற்கப்புறம் அவனைக் காணவில்லை.
கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான் என்று
நாங்களே முடிவுகட்டி
அவன் பங்கு எலுமிச்சைச் சாதத்தையும் தின்றோம்.
தண்ணீர் போதாமல் கடையில் பாட்டில் வாங்கினோம்.

ராத்திரி எட்டரைக்குப் போன் செய்தான்:
"அங்கனதான் நின்னேன் மாமா."
"எங்கன? ஆலமரத்துக்குள்ளயா?"
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
எல்லோரும் சிரித்தது அவனுக்கும் கேட்டிருக்கும்.

உச்சி வெயிலில் முகங்கள் வெளுத்துப்போயிருந்தன.
முதுகுக்குப் பின்னால் மரத்தடியோ ஒரே மைக்கறுப்பு.
நிழல் என்று ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு குமிழ்.
வலப்பக்கம் இழுத்தால் இருட்டு கரையும்.

இருபதில் விழுதுகள்.
நாற்பதில், தள்ளி, மண்குதிரையின் முன்னங்கால்.
அறுபதில்
ஒரு விழுதுக்குச் சட்டைப் பொத்தான் முளைத்தது.

எண்பது வரை இழுத்தேன்.

இரண்டு கையிலும் நீலக் கேன்,
நிரம்பியவை, தோள் இறங்கிய இறக்கத்தில் தெரிகிறது.
படத்துக்குக் குறுக்கே வந்துவிடக் கூடாதென்று
விலகி நிற்கிற நிற்பு.
அல்லது யாராவது வாடா என்று சொல்லட்டும் என்று.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
முகம் இல்லை, கடுகு தூவியதுபோல் புள்ளிகள்.
ஆனாலும் இந்தப் பக்கம்தான் பார்க்கிறான்.
நேரம் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

புள்ளி நீக்கும் பொத்தான் ஒன்று உண்டு.
அழுத்தினேன். படம் வழவழவென்றானது,
அவன் விழுதோடு விழுதாகப் போய்விட்டான்.
பதறி, ஒரு படி பின்னால் வந்தேன்.
வந்தான். கேனை இன்னும் கீழே வைக்கவில்லை.

சேமிக்கப் பெயர் கேட்டது.
பதினாறு என்று அடித்தேன்.

"என்னங்க இது, எல்லார் மூஞ்சியும்
சாம்பல் பூத்த மாதிரி" என்று குனிந்தவள்
நான் விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள்.
தறி நின்றிருந்தது, அல்லது
எனக்குக் கேட்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்:

"கேன் நம்மளது.
விடிஞ்சதும் போயி
வாங்கிட்டு வந்துருங்க."